மேலூர் வீட்டுக் கூரை விஷயமாக

புத்தூர், திருச்சி
ஐப்பசி, 1961

பிலாய் இரும்பு ஆலையைத் தன் ஒற்றைத் தோளில் தாங்கி நிற்கும் மருமகப்பிள்ளை சிரஞ்சீவி பிச்சமுத்துவுக்கு, புத்தூர் வாடகை சைக்கிள் சாம்ராஜ்யத்தின் ஏகச் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய நல்லுசாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை மயிலம்மாளும் சுகம். அங்கே நீயும் சுகமாயிருக்கப் பெருமாளைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் அவர் என் முகத்தைப் பார்க்கவே கூசுகிறார். ஆனாலும் உனக்காகக் கேட்டால் கொடுப்பார்.

'மேலூர் வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம், மழைக்கு முன் ஆள் வைத்து ஓடு மாற்றிக் கொடுங்கள் மாமா' என்று எழுதியிருந்தாய். 'ஆள் வைத்து' என்பது உன் கடிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. மயிலம்மாள் அந்த வரியை இப்போது தினமும் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். என்ன செய்வது? ஐப்பசி பிறந்தால் மேலூர், ஸ்ரீரங்கம் முழுக்க எல்லா வீட்டிலும் ஓடு மாற்றுகிறார்கள். ஆள் கிடைக்கவில்லை. "ஆளு எதுக்குடி? மலைக்கோட்டையையே பிரிச்சு மாட்டச் சொன்னாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள மாட்டிட்டு வந்திருவேன்" என்றேன். "விழுந்தா எந்தப் பக்கம் விழுவீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க, வந்து தூக்கணும்ல" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓடுகளை மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டு, படைக்கு முன்னால் போகும் தளபதிபோல் நான் சைக்கிளில் காவிரிப் பாலத்தைக் கடந்தேன். பாலத்தின்மேல் அடித்த வெயிலில் ஆற்றுத் தண்ணீரே கொதித்து, மீன்கள் கரையேறி நிழலில் உட்கார்ந்திருந்தன. மேலூர் போய்ச் சேரும்போது என் நாக்கு உரித்துப் போட்ட வாழைச்சருகாகியிருந்தது.

உன் அம்மா வாசலுக்கு வந்தாள். "வாடா நல்லு" என்று சொம்பில் தண்ணீர் நீட்டினாள். இடது கையால் நீட்டினாள்.

நான் யார்? உடன்பிறந்த தம்பி. உனக்கு மொட்டை போட்டுக் காது குத்த மடியில் உட்கார வைத்தவன். எனக்கு இடது கையா? அடுத்த வீட்டு வெள்ளையம்மாள் வேறு கோலமாவுக் கிண்ணத்துடன் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னக்கா, பிள்ளை ஆலைப் பயிற்சிக்கு ருஷ்யாவுக்குப் போகப் போறான்னதும் தம்பிக்கு இடது கையே போதும்னு ஆயிடுச்சோ?" என்று கொள்ளிடம் தாண்டிக் கேட்கும்படி கேட்டேன். "சோத்துக் கையில மாவுடா" என்றாள். மாவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கை முந்தானைக்குள் இருந்தது. நான் சொம்பை வாங்காமல் திரும்பிக்கொண்டேன். சொம்பு அவள் கையிலேயே கொஞ்ச நேரம் நின்றது. உன் அப்பா வந்து அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, வெயில் இன்னும் ஏறுமுன்ன ஏறுங்க" என்றார், வேறெங்கோ பார்த்தபடி.

ஏறினேன். தாகமும் கோபமுமாக ஏறினேன்.

பிச்சமுத்து, கூரை ஏறுகிறவனுக்கு ஒரு முறை உண்டு. ஓட்டில் கை வைக்குமுன் "கீழ யாரு, தள்ளிக்கங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். தூசியும் தேளும் தலையில் விழும் என்பது பாதிக் காரணம். வீட்டுக்குள் இருப்பவர்கள் அப்படியும் இப்படியுமாக இருப்பார்கள், மாற்றான் கண்ணுக்கு முன் தங்களைச் சரிசெய்துகொள்ள நேரம் வேண்டும் என்பது மீதிக் காரணம். எல்லாருக்கும் தெரிந்த முறை. எனக்கும் தெரியும். நான் குரல் கொடுக்கவில்லை. என்னைத் தண்ணீர் தராமல் திருப்பியவளுக்குக் குரல் ஒரு கேடா என்று நினைத்தேன். சொம்பைத் திருப்பியது அவளல்ல, நான்தான் என்பதெல்லாம் அந்த உயரத்தில் மறந்துபோயிருந்தது.

முன்பக்கம் தொடங்குவதுதான் வழக்கம். வீம்புக்குப் பின்பக்கம் போய் உள்ளறைக்கு மேலே உட்கார்ந்து ஓர் ஓட்டைத் தூக்கினேன்.

உன் அம்மா கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் உன் அப்பா, பல்லில் சீப்பைக் கடித்துக்கொண்டு, அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். நான் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றதால் பாதியில் விட்ட வேலை போலிருக்கிறது. வாழைநாரில் கயிறு முறுக்குகிற அதே முறுக்கு, அதே இழுப்பு. "இழுக்காதீங்க, வாழைத்தாரா கட்டுறீங்க?" என்று அவள் அதட்டுகிறாள். "கொண்டையா முடியணும்னா சும்மா இரு" என்று சீப்பு வழியாக அவர் சொல்கிறார். மேலூர் வாழைக்கொல்லைக்காரர்கள் எல்லாம் கண்டு நடுங்குகிற மனுஷன்! முடித்ததும் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவள் மடியில் கிடந்த வலது கையை எடுத்தார். அது யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல் கிடந்தது. அதை ஈரத்துணியால் துடைத்து, நழுவியிருந்த வளையலை மேலே ஏற்றிவிட்டு, திரும்ப மடியிலேயே வைத்தார்.

அப்போது ஓட்டுத்தூள் அவள் உச்சந்தலையில் விழுந்தது. நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

என் வாய் முக்கொம்பில் திறந்தால் கல்லணையில் வெள்ளம் வரும் என்று நீயே கேலி செய்வாய். அந்த வாயை, தூக்கிய ஓட்டாலேயே மூடிக்கொண்டேன். அவள் இடது கையால் முந்தானையை இழுத்து வலது கையின்மேல் போட்டாள். அவ்வளவுதான் செய்தாள். என்னை வைதிருக்கலாம்.

பின்னால் நகர்ந்தேன். உளுத்த சட்டத்தில் கால் வைத்தேன். அதன்பின் நடந்ததை மயிலம்மாளும் வெள்ளையம்மாளும் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்கள். ஒரு வரிசை ஓடு கொல்லைப்பக்கமாகச் சரிய, அடுத்த வரிசை அதற்குத் துணை போக, ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்கு ஒரு மொட்டைக் கூரையை உருவாக்கினேன். "ஏண்ணே, ஓடு மாத்த வந்தீங்களா, வீட்டையே மாத்த வந்தீங்களா?" என்றாள் வெள்ளையம்மாள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுவும் அவமானமாகத்தான் இருந்தது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது.

மதியச் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டியவன், மழை விடும்வரை நாட்கணக்காக அங்கேயே கிடந்தேன். நனையாத இடம் முன்னறை மட்டும். அதில் நாங்கள் மூன்று பேர், ஒரு நெல்மூட்டை, வெள்ளையம்மாள் வீட்டிலிருந்து அடைக்கலம் வந்த ஒரு கோழி. சமையல் நான். என் குழம்பைக் குடித்திருந்தால் ருஷ்யாக்காரனே இரும்பைக் காய்ச்ச உலை தேடமாட்டான். உன் அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "மச்சான், இதுல புளி போட்டீங்களா, புளியமரத்தப் போட்டீங்களா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் சொன்ன முதல் வேடிக்கை அது. கோழிகூட நிமிர்ந்து பார்த்தது.

ஆனால் உன் அம்மா மட்டும் "எனக்கு இப்பப் பசிக்கல" என்றாள். மறுவேளையும் அதே. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் எதிரில் உட்கார்ந்திருக்க அவளால் சாப்பிட முடியாது. எப்படிச் சாப்பிடுகிறாள் என்பதை நான் பார்த்துவிடுவேன். ஆகவே இலை போட்டதும், "சைக்கிள்ல காத்து இருக்கா பாத்துட்டு வரேன்" என்று மழையில் இறங்கிவிடுவேன். திருச்சி ஜில்லாவிலேயே அத்தனை கவனமாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட சைக்கிள் வேறு கிடையாது. நனைந்துகொண்டு டயரை அமுக்கி அமுக்கிப் பார்த்து, உள்ளே இலை எடுக்கிற சத்தம் கேட்டபிறகு வருவேன்.

கடைசியில் ஒரு நாள், வழக்கம்போல் இலை போட்டதும் எழுந்தேன். "எத்தனை தடவடா அந்தச் சைக்கிளப் பாப்ப? உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். உன் அப்பா பிசைந்து ஊட்டினார். அவள் என் முகத்தைப் பார்த்தபடியே மென்றாள். "உப்புக் கம்மி" என்றாள். நான் குழம்பைத்தான் பார்த்தேன், வேறெங்கும் பார்க்கவில்லை. பிறகு மூன்று பேரும் தாயம் ஆடினோம். இடது கையால் உருட்டியே எங்கள் இரண்டு பேர் காயையும் வெட்டித் தள்ளினாள். அவள் சிரித்தது எங்கள் அப்பா காலத்தில் கேட்ட சிரிப்பு.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. தாகம் என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் அவள் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தரவில்லை. "தம்பிக்குக் குடுங்க" என்று உன் அப்பாவிடம் சொல்லிவிடுகிறாள். கோபமில்லை. இடது கையால் நீட்டி என்னை மறுபடி அவமதித்துவிடக் கூடாது என்று பார்க்கிறாளாம். கூரையை ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். இதற்கு எந்த ஆளை வைப்பது?

நான் கிளம்பும்போது சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆடியில் கிணற்றடியில் விழுந்தது, அதன்பிறகு கை எழாதது, எதையும் உனக்கு எழுதக் கூடாதாம். "பிள்ள கப்பல் ஏறட்டும். பெருமாள் கையத்தான் ரெண்டாக் குடுத்திருக்காரே" என்றாள். பெருமாள்மேல் ஆணையாகக் கையைப் பற்றி எழுதமாட்டேன் என்றேன். அந்தச் சத்தியம் இந்தக் கடிதத்தில் எந்த வரியில் செத்தது என்று எனக்கே தெரியவில்லை. கூரையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சொன்ன வாக்கையும் காக்கத் தெரியாதவன் என்று சேர்த்துக்கொள்.

ருஷ்யாவுக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போ என்று சொல்லவும் இல்லை. அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய். ஏன் வந்தாய் என்று கேட்டால், 'மாமா கூரையைப் பாழாக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன், கேட்டுவிட்டுப் போக வந்தேன்' என்று சொல். வீட்டு வாசலில் நின்று, வெள்ளையம்மாள் காதில் விழும்படி, என்னை எவ்வளவு கேவலமாகத் திட்ட முடியுமோ அவ்வளவு திட்டு. நான் தலை குனிந்து நிற்கிறேன். உன் அம்மா எனக்காகப் பரிந்து பேச வெளியே வருவாள். கையை முந்தானைக்குள் வைத்தபடி அவள் வருகிற நடையைப் பார். எதுவும் கேட்காதே. 'பசிக்குதும்மா' என்று மட்டும் சொல்லி உள்ளே போ.

லீவு கிடைக்காவிட்டால் உன் மாமன் செத்துவிட்டான் என்று எழுதிக் கொடு. நீ வந்து இறங்கும் ரயிலுக்கு நானே உயிரோடு வந்து நிற்கிறேன்.

நீ நூறாண்டு இருந்து, உன் பிள்ளைகள் கையால் சோறு உண்ண ஆசீர்வதிக்கும்,

தலை குனிந்த மாமன்
நல்லுசாமி