நீலக்கோட்டுக்குக் கீழே

8 நவம்பர் 2061, காலை 6.00
கடல்மட்டக் கோபுரம், கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர். பணியில்: ஜெசிந்தா. நீர்மட்டம் வழக்கத்தைவிட 22 செ.மீ. அதிகம். காற்று வடகிழக்கு. உணரியில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டி எடுத்தாயிற்று.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விவரம். இந்தக் கோபுரத்தின் அளவுகளை வைத்துத்தான் செங்கால்வலசையில் எங்கள் பருவநிலை விழிப்புணர்வுக் குழு வீட்டுச் சுவர்களில் நீலக்கோடு போட்டது. பெரும்புயலில் தண்ணீர் அதுவரை ஏறும். கோடு போட்ட வீடுகள் மாவட்டப் பதிவேட்டில் ஏறும். புயலன்று ஆளில்லாப் படகுகள் தாமாகவே அந்த வீடுகளுக்குப் போய் ஆட்களை ஏற்றிக்கொள்ளும். அறுபது வீடுகளுக்குக் கோடு போட்டோம். நல்ல வேலை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

9 நவம்பர், பகல் 1.15
நீர்மட்டம் +31 செ.மீ. தாழ்வு மண்டலம் வலுக்கிறது.

குழுத் தலைவர் லியோன் வாத்தியாரின் குரல்செய்தி: "ஜெசிந்தா, நம்ம ஊருக்கு விழிப்புணர்வு விருதும்மா! பேரணி, பாட்டு, பிள்ளைங்களுக்கு மீன் வேஷம், ஒரே அமர்க்களம். நீ இல்லாததுதான் குறை."

வயிறு எரிகிறது. பேரணி போன மேலத் தெருவில் பத்தொன்பது வீடுகளின் கோட்டைச் சுண்ணாம்பு அடித்து மறைத்து எட்டு மாதமாகிறது. கோடு போட்ட வீட்டில் யாரும் சம்பந்தம் வைப்பதில்லை. என் தங்கை ரீத்தாவின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். மறுவாரமே குழு கூடியது. மேலத் தெருவை மறுபடி அளக்க வேண்டும் என்று தீர்மானம். அளந்தால் என்ன வர வேண்டும் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கடல் பொங்குகிறது என்று மேடையில் தொண்டை கிழியக் கத்துவார்களாம், அவர்கள் வீட்டுக்குள் மட்டும் வராதாம்!

10 நவம்பர், காலை 9.40
+74. புயல் அறிவித்துவிட்டார்கள். என்னை அழைத்துப்போக இனி யாரும் வர முடியாது. கோபுரம் தாங்கும்.

மறுபடி அளந்தவள் நான்தான். தெருவின் உயரத்தை ஒரு மீட்டர் கூட்டி எழுதிக் கைரேகை வைத்தேன். பத்தொன்பது வீடுகளும் மாவட்டப் பதிவேட்டிலிருந்து நீங்கின. ரீத்தா அழுதாள், எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணம் முடிந்ததும் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். அவள் மகளுக்கு வேறு இடத்தில் நிச்சயமும் ஆயிற்று. கல்யாணம் தை மாதம்.

இப்போது மாவட்ட மையத்துக்குத் திருத்தம் அனுப்பினேன். இயந்திரத்தின் பதில்: "தங்கள் மனு பெறப்பட்டது. குழுவின் தீர்மானத்துடன் ஏழு வேலை நாட்களில் பரிசீலிக்கப்படும்." கடல் என்ன வேலை நாள் பார்த்தா வருகிறது!

10 நவம்பர், காலை 11.20
+128. மேலத் தெருவைக் காலி செய்யச் சொல்லி நான்கு முறை ரேடியோவில் கூப்பிட்டுவிட்டேன்.

வாத்தியார்: "பீதியக் கிளப்பாதம்மா. விருது வாங்குற நேரத்துல அளவு தப்புன்னா ஊரு மானமே போயிரும்."

ரீத்தா: "நம்ம தெரு மேடுன்னு நீதானக்கா அளந்து சொன்ன? மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களையும் இங்க வரச்சொல்லிட்டேன். அவங்க ஊரு பள்ளம்ல."

பொய் என்று தெரிந்துதானே கேட்டு வாங்கினார்கள்? எட்டே மாதத்தில் அதை நம்பிவிட்டார்கள். நான் பொய் சொன்னேன் என்று கத்தினேன். "பயத்துல ஒளறாதக்கா" என்கிறாள்.

10 நவம்பர், பகல் 2.50
+206. திரையில் படகுகள் தெரிகின்றன. கீழத் தெரு முடிந்தது. மேலத் தெரு முக்கு வரை வந்து, உள்ளே நுழையாமல் திரும்பிப் போகின்றன.

ரீத்தா: "அக்கா, இடுப்புக்கு வந்துருச்சு! படகு காலியா போகுதுக்கா! கையக் காட்டுறோம், கூப்பிடுறோம், நிக்க மாட்டேங்குது! நீ சொல்லுக்கா, நிக்கச் சொல்லு!"

சொன்னேன். கெஞ்சினேன். மையத்தின் பதில்: "அந்த முகவரியில் ஆபத்து இல்லை." இந்தப் பாழாய்ப்போன இயந்திரத்துக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

பகல் 3.35
+240. கோபுரத்து மின்கலம் 6 விழுக்காடு, அது தீர்ந்தால் இந்தப் பதிவும் நின்றுவிடும். வாத்தியார் ஓட்டின்மேல் ஏறியிருக்கிறார். "தீர்மானத்த ரத்து பண்ணிட்டேன், எழுதிக்க, ரத்து" என்றார். அதற்குமேல் அவர் குரல் வரவில்லை.

3.52
மையத்திலிருந்து: "செங்கால்வலசை. பதிவான நாற்பத்தொரு வீடுகளும் காலி. கோட்டுக்குக் கீழே எவரும் இல்லை. மீட்புப் பணி நிறைவு. விழிப்புணர்வில் முன்மாதிரியான கிராமத்துக்குப் பாராட்டுகள்."

ரீத்தாவின் ரேடியோ திறந்தே கிடக்கிறது. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

எவரும் இல்லையாம். இருந்தார்கள். எழுதிக்கொள்ளுங்கள். மேலத் தெரு, வடக்கிலிருந்து. தெரசம்மா வீடு, ஐந்து பேர். கொர்னேலியு வீடு, மூன்று பேர், ஒன்று கைக்குழந்தை. லியோன் வாத்தியார் வீடு, இரண்டு பேர். ரீத்தா வீடு, நான்கு பேர், மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர் என்று நான் கேட்கவே இல்லை. அடுத்தது சந்தியாகு வீடு, ஆறு