பூச்சாடித் தண்ணீர்

அன்புள்ள மிலேனா அக்காவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது அம்மாவின் கட்டைவிரல் நகம்தான். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். நகத்தின் அடியில் பிறை மாதிரி வெள்ளையாக இருக்குமே, அது நீலச் சாம்பலாக இருந்தது. பழ ஜாம் ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே இருந்தது, பத்து விரலிலும். அது நவம்பர் மாதம். 

நீயும் ராடெக் அத்தானும் நலமா? நார்வேயில் பனி விட்டதா? இங்கே ஏப்ரல் வந்தும் அடுப்பை அணைக்க முடியவில்லை. நீ கேட்ட ஞானஸ்நானச் சான்றிதழைப் பாதிரியாரிடம் வாங்கிவிட்டேன். உங்கள் கல்யாண விருந்துக்கு மண்டபமும் உறுதியாகிவிட்டது.

நல்ல செய்தி இவ்வளவுதான். மற்றதைப் போனில் சொல்ல முடியாது. எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். அதோடு, நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா என் பக்கத்திலேயே நிற்கிறாள். மூன்று மாதமாக அவள் வீடியோவில் முகம் காட்டாததற்கு இணையம் காரணமில்லை. அம்மாவின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது, அக்கா. கழுத்தும் கைகளும் அப்படித்தான்.

பயந்துவிடாதே. உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார் மருத்துவர். ஆனால் "வெள்ளி தோலுக்குள்ள தங்கிடுச்சும்மா, இனி அது போகாது. வெயில்ல போகாதீங்க, இன்னும் கறுக்கும்" என்று சொல்லிவிட்டார். அம்மா அவரிடம், "கல்யாணம் ஜூன்லங்க, அதுக்குள்ளயாவது கொஞ்சம் வெளுக்குமா?" என்று கேட்டாள். அவர் மருந்துச் சீட்டைப் பார்த்தார். சீட்டில் எழுத ஒன்றும் இல்லை.

நான் வேலை செய்யும் இடத்தைப் பற்றி உனக்கு ஒழுங்காக எழுதியதே இல்லை. தொழிற்பள்ளியை விட்ட பிறகு என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று அம்மா கலங்கியபோது, அவளுடைய பழைய தோழி ஸெனோபியாதான் சேர்த்துக்கொண்டாள். அவள் வீட்டுக் கார் கொட்டகையில் வெள்ளித் தண்ணீரைப் பாட்டிலில் அடைக்கிறோம். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள். கிருமியைக் கொல்லும் என்று ஊரே நம்புகிறது. பாட்டிலில் நானோவெள்ளி என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். லேபிள் ஒட்டுவதும் பெட்டியில் வைப்பதும் என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு காலத்தில் அதைக் குடிக்கும் சத்துநீர் என்றே விற்றார்களாம். அரசு கூடாது என்றது. நான் சேர்ந்தபோது லேபிளில் முகத்துக்குத் தடவும் நீர் என்று இருந்தது. பிறகு முகப்பூச்சிலும் கூடாது என்று விதி வந்தது. முதலாளியம்மா ஸெனோபியா ஒரு வாரம் யோசித்துவிட்டு, புது லேபிள் அச்சடித்துக் கொண்டுவந்தாள். 'வெட்டிய பூக்கள் வாடாமலிருக்கப் பூச்சாடியில் ஊற்றவும். குடிக்கக் கூடாது.' தண்ணீர் அதே தண்ணீர். வாங்குகிறவர்களும் அதே ஆட்கள்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கரண்டி வைக்க வேண்டும். இருமல் மருந்தோடு வருமே, அந்த மாதிரி. முகத்துக்குத் தடவ ஏன் கரண்டி, பூச்சாடிக்கு ஏன் கரண்டி என்று யாரும் கேட்டதில்லை. "நம்ம வாயால ஒரு வார்த்தை சொல்லலை பாரு. கரண்டி பேசினா அதுக்கு நான் பொறுப்பா?" என்று முதலாளியம்மா சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

லேபிள் கோணலாக ஒட்டிய பாட்டில்களை விற்க முடியாது. அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னாள். போன வருடம் குளிர்காலம் முழுக்க அம்மாவுக்கு மார்ச்சளி இருந்தது. சிறப்பு மருத்துவரிடம் எட்டு மாதம் கழித்துத்தான் நேரம் கொடுத்தார்கள். நான் பாட்டிலைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன், கரண்டியோடு. சளி குறைந்தது மாதிரி இருந்தது. கரண்டி போய் அரை டம்ளர் ஆயிற்று. நாள்தோறும் குடித்தாள், ஒரு வருடத்துக்கு மேல்.

அம்மா வேலை பார்க்கும் ரொட்டிக்கடையில் முதலில் கிண்டல்தான். "மர்ஸேனா, அடுப்புச் சாம்பல்லயா மூஞ்சி கழுவுற?" என்றார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஒருத்தி, அம்மா எதிரிலேயே, "அந்தக் கையால வேணாம், நீங்க எடுத்துக் குடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாள். மறுநாளிலிருந்து அம்மாவுக்குப் பின்கட்டில் தட்டு கழுவும் வேலை.

அம்மா ஸெனோபியாவைப் பார்க்க வந்தாள். "உன் தண்ணியைக் குடிச்சு எங்க வந்து நிக்கிறேன் பாரு" என்றாள். முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பாட்டிலை எடுத்து லேபிளைச் சத்தமாகப் படித்தாள். "குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா இல்லையா? பூவுக்கு ஊத்துறதை எடுத்துக் குடிச்சிட்டு எங்கிட்ட வந்து ஞாயம் கேக்குறியே, உனக்கே நல்லாருக்கா?" என்றாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. நான் கையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவர் சுகாதார ஆய்வு அலுவலகத்துக்கு எழுதியிருந்தார். பிப்ரவரியில் ஒரு பெண் ஆய்வாளர் வந்தார். அவர் வருவதற்குள் கரண்டி மூட்டை காரின் பின்பெட்டிக்குப் போய்விட்டது. அவர் என்னிடம், "பெட்டியில பாட்டிலைத் தவிர வேற ஏதாவது வைக்கிறீங்களா?" என்று கேட்டார். "அவ ரொம்பக் கூச்சப்படுவா மேடம், பேசவே மாட்டா" என்றாள் முதலாளியம்மா. நான் "ஒண்ணுமில்ல" என்றேன். பள்ளியில் கரும்பலகை முன் நிறுத்தினால் ஒரு வார்த்தை வராமல் அழுதவள் நான். இந்த வார்த்தை மட்டும் எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? அவர் எழுதிய தாளில் கையெழுத்தும் போட்டேன்.

மார்ச்சில் பதில் வந்தது. பாட்டிலில் உரிய எச்சரிக்கை இருக்கிறதாம். குடிப்பதற்காக விற்றதற்குச் சான்று இல்லையாம். அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்காங்க. என்னை யாரு குடிக்கச் சொன்னா?" என்றாள். நான் அவள் எதிரில்தான் நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சூப் பரிமாறும்போது சொன்னாள்: "கல்யாணத்தன்னிக்கு வாசல்ல பொண்ணு மாப்பிள்ளையை வரவேற்க ரொட்டியும் உப்பும் ராடெக்கோட அம்மாவே குடுக்கட்டும். நான் உள்ளே சமையல்கட்டுல இருக்கேன். போட்டோவுல நான் வேணாம்." உன்னிடம் இதைச் சொல்லக் கூடாது என்றாள். மேற்கொண்டு புகார் எதுவும் வேண்டாம் என்றும் சொன்னாள். பூச்சாடித் தண்ணீர் குடித்தவள் என்று ஊர் சிரிக்குமாம்.

திங்கட்கிழமை நான் சுகாதார ஆய்வு அலுவலகத்துக்குப் போனேன். ஒரு கரண்டியை மேசையில் வைத்தேன். அதே ஆய்வாளர் பழைய தாளை எடுத்துக் காட்டினார். "இதுல ஒண்ணுமில்லன்னு நீ கையெழுத்து போட்டிருக்க. இப்ப மாத்திச் சொன்னா உம்மேலயும் நடவடிக்கை வரும், புரியுதா?" என்றார். தலையாட்டினேன். வாயால் சொல்ல வரவில்லை, தாள் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்தேன். இதைக் குடிக்கும் மற்றவர்களுக்கு எப்போது சொல்வீர்கள் என்றும் அதிலேயே கடைசியில் எழுதிக் கேட்டேன். "ஆய்வுக்கூட முடிவு வர ஆறு வாரம் ஆகும். அப்புறம் மேலிடம் சொல்லணும். அதுவரைக்கும் சட்டப்படி அது பூச்சாடிக்கு ஊத்துற தண்ணிதாம்மா. நான் யாருக்கும் எதுவும் எழுத முடியாது" என்றார். கெட்டவர் இல்லை. எனக்குத் தேநீர்கூடக் கொடுத்தார்.

ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு கரண்டி குடித்தால்கூட ஆறு வாரத்தில் எவ்வளவு ஆகும்? நீயே யோசித்துப் பார்.

முதலாளியம்மாவுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். இனி எனக்கு அங்கே வேலை இல்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நானே சொல்லிவிடுகிறேன்.

அக்கா, உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கல்யாணத் தேதியை மாற்றாதே. அம்மாவைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு, அழ வேண்டுமென்றால் அழு. ஏன் குடித்தாய் என்று மட்டும் கேட்டுவிடாதே. என் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கு அவள் இன்னொரு பொய் தேட வேண்டியிருக்கும்.

மாதாமாதம் வாங்குகிறவர்களின் முகவரிகளை நான்தான் கையால் எழுதி ஒட்டுவேன். அறுபத்து மூன்று பேர். ஒரு முகவரிகூட மறக்கவில்லை. அஞ்சலகத்தில் உறைகள் வாங்கி வந்திருக்கிறேன். ஊர்க்கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு முதல் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். 'அம்மா, நீங்கள் வாங்கும் வெள்ளித் தண்ணீரைக் குடிப்பதை இன்றே நிறுத்துங்கள். பெட்டிக்குள் கரண்டி வைத்து அனுப்பியவள் நான்' என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் வீட்டு முகவரியையும் போட்டேன்.

உன் அன்புத் தங்கை,
போக்னா