எண்ணெய் இல்லை, பற்றரி

03.06.2025
காலையில் இருந்து கடையில் நாலு தலைலைற் திருத்தினேன். கடலட்டைக்கு முழுகுகிறவர்கள் நெற்றியில் கட்டுகிற லைற். உப்பு முதலில் சுவிச்சைத்தான் தின்னும்.

மத்தியானம் நிலக்ஷன் வந்தான். பள்ளிக்கூடத்தில் பத்து வருசம் பக்கத்து வாங்கில் இருந்தவன். செப்டெம்பரில் லண்டனுக்கு மேற்படிப்புக்குப் போகிறான். இந்த மாதம் 24ஆம் திகதி கொழும்பில் விசாவுக்குக் கைரேகை கொடுக்க வேண்டும். திருவிழாவுக்கு வந்த சுவிஸ் மச்சான் விட்டுப்போன வேப்பை, அந்தப் பற்றரிச் சிகரெட்டை, கொண்டுவந்து மேசையில் வைத்தான். "கொயில் எரிஞ்சு போச்சு. சுத்தித் தாடா. நீதானே கரண்ட்காரன்."

கழற்றிப் பார்த்தேன். ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு பற்றரி, மேலே கொயில் என்ற கம்பிச் சுருள், சுருளுக்குள் பஞ்சு. பட்டனை அமத்தினால் பற்றரி நேரே கம்பிக்கு. நடுவில் ஒரு தடுப்பும் இல்லை. அங்கே வேண்டாம் என்று கழிக்கிறதை இங்கே அன்பளிப்பாக விட்டுப் போகிறார்கள். நாங்களும் பல்லைக் காட்டி வாங்குகிறோம்.

05.06.2025
போனில் மூன்று வீடியோ பார்த்துக் கொயிலைச் சுற்றினேன். வேலை செய்தது. நிலக்ஷன் மாம்பழ மணத்தில் புகையை விட்டு, "நீ வெளிநாட்டில பிறந்திருக்க வேணும் மச்சான்" என்றான். எரிச்சலாக இருந்தது. நல்லாகச் செய்தால் அது இந்த ஊர் ஆள் செய்தது இல்லையோ?

அவனுடைய அப்பா குலசிங்கம் கோயில் சபைத் தலைவர். கோயில் வீதியில் பீடி பத்தினவனைப் போன வருசம் மைக்கில் பெயர் சொல்லிப் பேசினவர். மகன் அதே வீதியில் மாம்பழம் மணக்க நிற்கிறான்.

09.06.2025
இதுவரை நாலு பேருக்குச் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் பஸ் கொண்டக்டர், ஒருவர் ரியூசன் மாஸ்டர். எனக்கு எவ்வளவு தெரியும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மூன்று வீடியோ அளவு தெரியும்.

14.06.2025
இண்டைக்கே எழுதிப்போட வேணும். இல்லாட்டி நாளைக்கு நானே மாத்திச் சொல்லிப்போடுவன்.

காலை பத்தரைக்கு நிலக்ஷன் கடை வாசலில் மோட்டார் சைக்கிளில் நின்று ஹோர்ன் அடித்தான். பாதையில் கடல் கடந்து காரைநகர்க் கடற்கரைக்குப் போகிற திட்டம். புதிதாகச் சுற்றின கொயிலைப் பூட்டி, கம்பியின் தடையை அளக்க மீற்றரை வைத்தேன். 0.4. கொஞ்சம் அசைத்தேன். 0.1. திரும்ப 0.4. பிறகு பூச்சியம். மீற்றர் அப்படி ஆடினால் கம்பியின் கால் எங்கேயோ குழாயில் முட்டுகிறது. அது எனக்குத் தெரியும். தெரியாது என்று இங்கே எழுத ஏலாது.

"டேய், பாதை வெளிக்கிடப் போகுது. அதுக்குத் தாலி கட்டப் போறியோ?"

அவனுடைய பற்றரி செத்துப்போயிருந்தது. பழைய தலைலைற் ஒன்றில் இருந்து கழற்றிப் போட்டேன். ஒரு சின்ன லைற்றை எரிக்கிற பற்றரி. இவ்வளவு கரண்டை ஒரே இழுவையில் கொடுக்கச் செய்தது இல்லை. அதுவும் தெரியும். மூடிக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறினேன்.

பாதை ஒரு இரும்பு மிதவை. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கிக்கொண்டு நிற்பது. நடுவழியில் நிலக்ஷன் சீற்றில் சாய்ந்தான். பொக்கற்றுக்குள் பட்டன் அமந்திருக்க வேண்டும். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், பிறகு வெள்ளைப் புகை. பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு அக்கா. சுற்றிவரப் பெற்றோல் ராங்குகள். அவன் கையை விட்டு இழுத்து, பொத்திப் பிடித்து, இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு விளிம்புக்குப் போய்க் கடலுக்குள் எறிந்தான். கீழே போட்டிருக்கலாம். போடவில்லை.

வலக்கை. பெருவிரலும் அடுத்த இரண்டும்.

"வீட்டை கொண்டுபோய் விடு. ஆஸ்பத்திரி வேண்டாம், அப்பா கொல்லுவார்" என்றான். விட்டேன். அவனுடைய அம்மா கமலாதேவி அன்ரி பற்பசை பூசினா. வியாழக்கிழமை அவன் தங்கச்சி நிசாந்தினியைப் பெண் பார்க்க வருகிறார்களாம். "வேப் எண்டு ஒரு சொல் வெளியில போகக்கூடாது" என்று குலசிங்கம் மாமா. மூன்று மணிக்கு விரல் நோகவே இல்லை என்றான், தோல் வெள்ளையாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி.

அன்ரி தாதியிடம், "எண்ணெய்த் தாச்சி கவிண்டது" என்றா.

"ஆம்பிளைப் பிள்ளை தாச்சியோட என்ன செய்தவர்?"

"வடை சுட்டவர்."

தாதி சிரித்துவிட்டு எழுதப் போனா. நிலக்ஷன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பற்றரிக்குள் இருக்கிறது தோலில் பட்டால் நெருப்பு அணைந்த பிறகும் அரிக்கும். நான் பார்த்த வீடியோ ஒன்றில் கடைசியில் ஒரு நிமிசம் அதைச் சொல்லியிருந்தார்கள்.

"எண்ணெய் இல்லை மிஸ். பற்றரி. வேப் பற்றரி வெடிச்சது."

அன்ரி என்னைப் பார்த்த பார்வை! டொக்டர் ஓடிவந்தா. என் வயதுதான் இருக்கும். "எத்தினை மணிக்கு?"

"பதினொண்டு."

"இப்ப மூண்டரை! எண்ணெய் எண்டு நானும் மருந்து வைச்சுக் கட்டி அனுப்பியிருப்பன்." பற்பசையை வழித்துவிட்டுக் குழாய்த் தண்ணீரில் பிடித்தா, அரை மணித்தியாலம். அமிலம் காட்டுகிற ஒரு தாளைத் தோலில் ஒற்றி நிறம் பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினா. பிறகு யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்ஸ். ஏற்றும்போது என்னிடம் கேட்டா: "ஏன் வெடிச்சது?"

"தெரியாது" என்றேன்.

15.06.2025
குலசிங்கம் மாமா கடைக்கு வந்தார். இருக்கச் சொல்லிக் கதிரையை இழுத்தேன், இருக்கவில்லை. "என்ர குடும்பத்தை ஊர் சிரிக்க வைச்சிட்டாய். பொம்பிளை பாக்க வாறவை காலமை போன் எடுத்து, பிறகு பாப்பம் எண்டுட்டினம்."

"விரல் எப்பிடி மாமா?"

அதற்குள் அவர் படி இறங்கிவிட்டார். பிள்ளையின் கை அழுகினாலும் பெயர் அழுகக் கூடாது! கத்த வேண்டும் போல இருந்தது.

கத்த எனக்கு என்ன தகுதி? அவர்கள் சொன்னது 'எண்ணெய்'. நான் சொன்னது 'தெரியாது'.

19.06.2025
யாழ்ப்பாணம் போனேன். தொடையில் இருந்து தோல் எடுத்துப் பெருவிரலில் ஒட்டியிருக்கிறார்கள். மற்ற இரண்டும் தப்பும். நிலக்ஷன் சிரித்தான். "நீ சொன்னபடியால்தான் விரல் மிஞ்சினது எண்டு டொக்டர் சொன்னவர். அம்மா பேசட்டும், நீ கவலைப்படாதை."

பிறகு, "அந்தப் பற்றரிதான் கள்ளச் சாமான், என்ன?" என்றான்.

"ஓம்" என்றேன். தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். சுளை சுளையாக அவன் வாயில் வைத்தேன், என்னவோ பெரிய தியாகி மாதிரி.

24.06.2025
இன்று கொழும்பில் நின்றிருக்க வேண்டியவன். திகதியை ஜூலை 29க்கு மாற்றியிருக்கிறார்கள். அதுவும் தவறினால் இந்த வருசப் படிப்பு இல்லை.

05.07.2025
இப்போதுதான் ஒழுங்காகப் படிக்கிறேன். வெட்கம் கெட்ட வேலை, எரித்த பிறகு படிக்கிறது.

நான் வைத்த சாதாரண மீற்றரின் வயருக்கே தனியாக ஒரு தடை இருக்கிறது, இவ்வளவு சின்னக் கணக்குக்கு அதை நம்பவே கூடாது. இதற்கென்று தனி மீற்றர் உண்டு. கம்பியின் காலை ஒட்ட வெட்ட வேண்டும். முதலில் பஞ்சு இல்லாமல் ஒரு கணம் சூடாக்கி, சுருள் நடுவில் இருந்து சமனாகச் சிவக்குதா என்று பார்க்க வேண்டும். பற்றரியின் மேல்தோல் கிழிந்தால் அதைப் போட வேண்டாம். பொக்கற்றில் கொண்டு போனால் பற்றரியைக் கழற்றித் தனியாக ஒரு டப்பாவில். தடுப்பு இல்லாத குழாயைப் புதிதாகத் தொடங்குகிறவன் தொடவே கூடாது. அதுதான் முதல் விசயம், அதைத்தான் நான் கடைசியாகப் படித்தேன்.

கொண்டக்டர் இன்றும் வந்தார். பஞ்சு மாற்ற வேண்டுமாம். ஏலாது என்றேன். "பயந்திட்டீரோ?" என்று சிரித்தார். ஓம் அண்ணை, பயந்திட்டன்.

29.07.2025
கொழும்பில் இருந்து நிலக்ஷன் போன் எடுத்தான். பெருவிரலை மெசின் மூன்று தரம் எடுக்கவில்லையாம். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினானாம். மற்ற விரல்களை எடுத்துவிட்டு, பார்த்துச் சொல்கிறோம் என்று அனுப்பினார்களாம். "என்ர பெருவிரல் இப்ப சவர்க்காரக் கட்டி மாதிரியடா" என்றான்.

09.08.2025
ஊரில் தலைலைற் விற்கிறது சவிரிமுத்து ஐயா. சந்தையடியில் சின்னக் கடை. நிலக்ஷன் எங்கள் பள்ளிக்கூடக் குறூப்பில் 'தலைலைற்றுக் கள்ளப் பற்றரி' என்று எழுதியிருந்தான். நான் அதைப் பார்த்தும் ஒன்றும் எழுதவில்லை. இன்று காலை ஆறு பேர் போய் அவருடைய லைற் பெட்டிகளை றோட்டில் கொட்டி மிதித்திருக்கிறார்கள். ஒருவன் அவருடைய சேட்டைப் பிடித்தானாம்.

பத்து மணிக்கு அவரே என்னிடம் வந்தார். பொத்தான் அறுந்த சேட்டு. "தம்பி, நீர் உது அறிஞ்ச ஆள். இருவது வருசம் விக்கிறன், கடலுக்குப் போறவை நம்பி வாங்கினம். என்ர சாமானிலயோ பிழை?"

"இல்லை ஐயா. லைற்றுக்கு வித்ததை நான்தான் லைற் இல்லாததுக்குப் போட்டனான். கொயிலும் பிழை. தெரிஞ்சுதான் குடுத்தனான்."

"உதை என்னட்டைச் சொல்லி என்ன பிரயோசனம்?" என்றார்.

கடையைப் பூட்டிவிட்டு நிலக்ஷன் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் மூன்று பேரும் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். மீற்றர் ஆடினது, பற்றரி, டொக்டரிடம் தெரியாது என்றது, எல்லாம்.

நிலக்ஷன் கேட்டான், "மீற்றர் ஆடினது தெரிஞ்சும் தந்தனியோ?"

"ஓம்."

"நான் ஹோர்ன் அடிச்சதாலயோ?"

"இல்லை. எனக்கு வேலை தெரியாது எண்டு நீ நினைச்சுப்போடுவாய் எண்டு."

குலசிங்கம் மாமா எழும்பினார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அன்ரி அவரை இருக்கச் சொன்னா. சத்தமே இல்லாமல், "நானும்தான் எண்ணெய் எண்டனான்" என்றா. நிலக்ஷன் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, "போ" என்றான்.

10.08.2025
குறூப்பில் நடந்ததை என் பெயரோடு எழுதினேன். பின்னேரம் சவிரிமுத்து ஐயா கடையில் மிதிபட்ட லைற்றுகளை இருந்து திருத்தினேன். பதினொன்று எரியுது. ஐயா தேத்தண்ணி தரவில்லை. கதிரை தந்தார்.

21.08.2025
நிலக்ஷனுக்கு விசா வந்துவிட்டதாம். கொண்டக்டர் சொல்லித்தான் தெரியும்.

06.09.2025
விடியப் பறந்திருப்பான். எனக்குச் சொல்லவில்லை.

பத்து மணிக்கு ஐந்து பேர் கடைக்கு வந்தார்கள், ரியூசன் மாஸ்டரும் கொண்டக்டரும் வேறு மூன்று பேரும். குறூப்பில் எழுதினதை வாசித்தார்களாம், தங்களுடையதையும் நான் ஒருக்கால் பார்க்க வேண்டுமாம். மேசையில் ஐந்து குழாய்.

கை வைக்க முதல் சொன்னேன்: "நிலக்ஷனைச் சுட்டது நான். யோசிச்சுத் தாங்கோ."

இரண்டு பேர் தங்களுடையதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று பேர் நின்றார்கள். மூன்றிலும் பற்றரியை முதலில் கழற்றி வைத்தேன். கொண்டக்டருடையதில் மீற்றர் ஆடியது.

"இது ஏலாது அண்ணை" என்றேன். அவர் சிரிக்கவில்லை.