ஷமாவை அழைத்து வா, முனவ்வரா

உதகை
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள முனவ்வராவுக்கு,

இறைவனின் அமைதி உன்மீதும் நம் மகள் ஷமாவின்மீதும் இருக்கட்டும். நான் நலம். கூடலூரில் மழை விடவில்லை என்று நம் பேக்கரி வேன் ஓட்டும் வேலன் சொன்னான். ஷமாவுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். கம்பளித் தொப்பியைப் போட்டால் பிடுங்கி எறிவாள். உன் துப்பட்டாவால் காதை மூடினால் சும்மா இருப்பாள்.

நான் போன் செய்யும்போதெல்லாம் உன் அண்ணன் ஃபாரூக்தான் எடுக்கிறார். "அவ தூங்கறா மச்சான், அப்புறம் பேசச் சொல்றேன்" என்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியதை உன்னிடம்தானே சொல்ல வேண்டும். அதனால் எழுதி வேலனிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துவிடாமல் முழுதாகப் படி.

சீசன் முடிந்துவிட்டதால் வர்க்கி பிஸ்கட் குறைவாகத்தான் போடுகிறோம். கடைக்கு வரும் சின்னப் பிள்ளைகளைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. நடக்கத் தெரியாத பிள்ளைகூட அம்மா இடுப்பில் இருந்தபடி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து விரல் நீட்டுகிறது. நீட்டிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. நம் ஷமா ஒருநாளும் விரல் நீட்டியதில்லை. வேண்டிய பொருள் இருக்கும் இடத்துக்கு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போவாள். என் கையைத் தூக்கி அதன்மேல் வைப்பாள். முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். என்னைத்தான் தேடுகிறாள் என்று கடையில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவள், பிஸ்கட் உறை சரசரத்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தாள். அதில் சந்தேகப்பட்டுத்தானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் காது பார்க்கப் போனோம். "காதுல ஒரு குறையும் இல்லீங்க" என்று டாக்டரம்மா சொன்னதும் நீ அல்ஹம்துலில்லாஹ் என்றாய். அவர் அதோடு விடவில்லை. தரையில் உட்கார்ந்து ஷமாவோடு விளையாடிப் பார்த்தார். நம்மிடம் கேள்வி கேட்டார். மறுபடியும் வரச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ஆட்டிசம் என்றார்.

வெளியே வந்து சேரிங் கிராஸ் வரைக்கும் நடந்தோம். பிறகு சாலை ஓரத்தில் நின்று, "ஏனுங்க, அந்தம்மா சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுனீங்களே, உங்களுக்கு எம்புள்ள வேண்டாமுங்களா?" என்று கேட்டாய். நான் பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தேன். நீ அதையே பதிலாக எடுத்துக்கொண்டாய். அந்த வாரமே கூடலூர் பஸ் ஏறிவிட்டாய்.

முனவ்வரா, அவள் சுற்றிவிட்டு விளையாடும் டப்பா மூடிகள் கூடத்தில் அப்படியே கிடக்கின்றன. வீடு கூட்டும்போது எடுத்து வைத்துவிட்டு, கூட்டி முடித்ததும் அதே இடத்தில் திரும்பப் பரப்பி வைக்கிறேன். வேண்டாமென்று நினைக்கிறவன் இதைச் செய்வானா?

என் தங்கை தபஸ்ஸும் போன ஞாயிறு குன்னூரிலிருந்து வந்திருந்தாள். பேச்சோடு பேச்சாக, "மதினி என்கிட்ட அப்பவே கேட்டாங்கண்ணே. உன் பையன் கூப்பிட்டா எப்பத் திரும்பிப் பாக்க ஆரம்பிச்சான், டாட்டா சொன்னா எப்பக் கையாட்டுனான்னு. ஷமாவுக்கு அப்ப ஒரு வயசுகூட ஆகல" என்றாள். நீ எனக்கு முன்பே பார்த்துவிட்டாய். அதைத் தனியாகச் சுமந்துகொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாய், சிரித்திருக்கிறாய்.

பயிற்சி எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். "பேச்சு வரும்னு வாக்குக் குடுக்க மாட்டேனுங்க. ஆனா இந்த ரெண்டரை வயசுல ஆரம்பிச்சா, நம்மகூடப் பழக அவளுக்கு வழி சுலபமாத் திறக்கும். தள்ளிப் போடாதீங்க" என்று டாக்டரம்மா சொன்னார். என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், அதற்காக அவளுடைய நாட்கள் வீணாகக் கழிய வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கிளம்பி வருகிறேன். கதவைத் திற.

உன்,
நூருல்லா


கூடலூர்
வியாழக்கிழமை

என் கணவருக்கு முனவ்வராவின் ஸலாம்.

வேலன் கொடுத்த கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன்; பதிலையும் அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். தபஸ்ஸும் சொன்னது உண்மைதான். பால் கொடுக்கும்போதே எனக்குத் தெரிந்தது. என் முகத்தை விட்டுவிட்டு, தோளுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாய்விட்டுச் சொல்லாதவரைக்கும் அது இல்லை என்று இருந்தேன். பெர்ன்ஹில்லில் நம் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ்வில் உங்கள் பெரியம்மா, "கூப்பிட்டா திரும்பறாளா பாரு, திமிரு புடிச்சவ" என்றபோது, "ஆமாங்க, செல்லம் ஜாஸ்தி" என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அண்ணன் பிள்ளைகளோடு இருந்தால் பேச்சு வந்துவிடும் என்று நம்பித்தான் இங்கே வந்தேன். அவர்கள் ஓடி விளையாடுகிறார்கள். இவள் குழாயில் சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நேற்று அண்ணனின் கடைக்குட்டி, ஷமாவைவிடச் சின்னவள், பெரிய மனுஷி மாதிரி வந்து ஷமாவின் மூக்கைத் துடைத்துவிட்டுப் போனாள். அதற்குமேல் பிடிவாதம் பிடிக்க எனக்குத் தெம்பில்லை. வாருங்கள். துணிகளை எடுத்து வைத்துவிட்டேன்.

ஒன்றை நேரில் சொல்ல என்னால் முடியாது. அவளுடைய முதல் பிறந்தநாள் கழிந்த சமயம், நீங்கள் கடைக்குக் கிளம்பிப் போன பிறகு, மூடிய கதவைத் தட்டி "அத்தா" என்று உங்களைக் கூப்பிட்டாள். தெளிவாகச் சொன்னாள். உடனே உங்களுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். சாயங்காலம் அவள் வாயாலேயே நீங்கள் கேட்கட்டும் என்று வைத்துவிட்டேன். நீங்கள் வந்தீர்கள். எவ்வளவு கெஞ்சியும் அவள் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. இன்று சொல்வாள், நாளை சொல்வாள் என்று காத்துக்கொண்டே இருந்துவிட்டேன். அந்தச் சொல் உங்களுக்கு உரியது. இப்போது கொடுத்துவிட்டேன்.

நாளை தொழுகையில் அவளுக்குப் பேச்சு வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு முன்னால், நம் இருவருக்கும் நீண்ட ஆயுசு கேளுங்கள்.

முனவ்வரா