அந்தக் காணொளியை நான் நீக்கப்போவதில்லை

பெர்தோ,

சாயோங் அத்தையை ஜீப்னி வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். உன் தம்பி நெஸ்தோர் விற்கும் மூலிகைப் பொடியை நம்பி, அத்தை சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். காலில் புண் வந்ததையும் யாரிடமும் சொல்லவில்லை. பொடிகளை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று ஒரு டாக்டர் சொல்லும் காணொளியைக் குடும்பக் குழுவில் பகிர்ந்திருந்தேனே, அதைப் பார்த்த பிறகுதான் காலையில் என்னைக் கூப்பிட்டார். "அந்த டாக்டரம்மா நம்மகிட்ட எதையும் விக்கலையேடி. அதான் நம்பலாம்னு தோணுச்சு" என்றார்.

நேற்று நீ, "தம்பி பொழப்புல மண்ணப் போடாத, அத எடுத்துடு" என்றாய். எடுக்க மாட்டேன். உன் அக்காமாருக்கும் இன்றே தனித்தனியாக அனுப்பப் போகிறேன்.

சட்டியில் மீன் சினிகாங் புளிக்குழம்பு இருக்கிறது, சூடாக்கிக்கொள். மதியம் நெஸ்தோர் வருவான். அவனுக்கும் சோறு போடு, சண்டை வேண்டாம். அத்தை எங்கே என்று கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்.

லுஸ்

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போ.

இன்னொன்று. அலமாரியில் உன் மாத்திரை அட்டையும் போன வாரத்திலிருந்து பிரிக்காமல் கிடக்கிறது. பார்த்துவிட்டேன். எனக்குக் கோபமில்லை, பயமாக இருக்கிறது. நான் திரும்புவதற்குள் அதைப் பிரித்திரு, பெர்தோ.