நீ சொல்லாத கடைசி வார்த்தை

என் உயிர்த் தங்கச்சி ராணிக்கு,

மோட்சத்திலும் நீ சும்மா இருக்கமாட்டாய். யாராவது ஒரு சம்மனசைப் பிடித்து உட்காரவைத்துத் தலை சீவிக்கொண்டிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். உன் ஓராண்டு நினைவு மலருக்கு எல்லோரும் நாலு வரி எழுதிக் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற நான் நாலு பக்கம் எழுதித் தருகிறேன் என்று கோயிலில் சொல்லிவிட்டேன். இங்கிலீசிலும் எழுதியிருப்பேன். உனக்கு விளங்காதே என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

இங்கே மழை விடவில்லை. வாவித் தண்ணீர் ரோட்டில் ஏறி உன் சலூன் வாசற்படியில் வந்து நிற்கிறது. வாசலில் நின்றபடியே தூண்டில் போட்டு ஒரு முழக் கொடுவா பிடித்தேன். சரி, ஒரு முழம் இல்லை. கொடுவாவும் இல்லை. ஏதோ ஒரு மீன்.

நத்தார்ப் பண்டிகை வேலையை உன் மகள் அனிற்றா தொடங்கிவிட்டாள். முடிக்குச் சாயம் பூசிச் சுற்றுகிற வெள்ளித்தாளில் நட்சத்திரம் வெட்டுகிறாள். முடி சுருட்டும் உருளைகளுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, கொண்டை ஊசியை வளைத்து மரத்தில் கொளுவுகிறாள். காலி ஜெல் போத்தல்கள் எல்லாம் சிறகு முளைத்துச் சம்மனசுகளாகிவிட்டன. வாவிக்கரைப் புல்லை வெட்டிவந்து பாலன் குடிலுக்குக் கூரை போட்டு, பூ உதிராமல் இருக்க ஹெயார் ஸ்பிரே அடிக்கிறாள். அந்த ஸ்பிரே வித்தை கட்டாரில் பெரிய ஹோட்டல் சலூனில் நான் கண்டுபிடித்தது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். அங்கே நான் துண்டு தோய்த்தவன் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். கடைசிவரை நீ யாருக்கும் சொல்லவில்லை.

ஆனால் ராணி, அனிற்றா அந்தப் பத்தடிச் சலூன் அறைக்குள் இருப்பதைப் பார்க்க எனக்கு ஏதோ செய்கிறது. மினுக்கத் தூள் பறந்துவிடும் என்று காற்றாடியை நிறுத்தி, யன்னலைச் சாத்திவிட்டு இருக்கிறாள். வெளியே போகத் தண்ணீர் விடாது. உள்ளே ஸ்பிரே மணம் தொண்டையைப் பிடிக்கிறது.

“யன்னலக் கொஞ்சம் திறவன் மகள்,” என்றேன்.

“திறந்தா எல்லாம் பறந்திரும் மாமா. கிடக்கட்டும், எனக்குப் பழகிட்டு,” என்று இருமிக்கொண்டே சொன்னாள்.

இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இது பழகலாமா?

இனித்தான் முக்கியமான செய்தி. தாதியர் பயிற்சிக்கு அவளைக் கண்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். புதுவருடம் பிறந்ததும் போய்ச் சேரவேண்டும். வருவதாக இருந்தால் நத்தாருக்கு முன்னம் பதில் போடவேண்டும். அந்தக் கடிதத்தை அவள் சீப்புகள் கிடக்கிற மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு நட்சத்திரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன புள்ள, பதில் போடல்லியா?” என்று கேட்டேன்.

அவள் கத்தரிக்கோலால் சுவரைக் காட்டினாள்.

உன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சட்டம் தொங்குகிறது. பொன்னெழுத்தில் அடித்து, உன் முப்பத்தோராம் நாள் பூசைக்கு நான் செய்வித்தது. ‘என் மகள் இந்தக் கடையை ஒருநாளும் மூடமாட்டாள்.’ அதற்குக் கீழே, உன் கடைசி வார்த்தை என்று போட்டிருக்கிறது. களுதாவளையிலிருந்தும் வெல்லாவெளியிலிருந்தும் வருகிற மணப்பெண்கள் அதை வாசித்து அழுகிறார்கள். மை கரைந்து அனிற்றா மறுபடியும் பூசவேண்டி வருகிறது.

நீ அப்படிச் சொல்லவேயில்லை.

ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடந்த நீ திடீரென்று என்னைப் பார்த்து, “அண்ணா, ஸ்பிரே டின்ன யன்னல்ல வச்சிட்டு வந்திட்டன். வெயில் படும். எடுத்து வையுங்க,” என்றாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. அவ்வளவுதான்.

செத்தவீட்டில் முந்நூறு சனம். இருநூறு என்று வைத்துக்கொள். முன்வீட்டு மார்த்தா அக்கா எல்லோருக்கும் கேட்க, “தம்பி, கடைசியா என்ன சொன்னாள் உன்ட தங்கச்சி?” என்று கேட்டுவிட்டா. சனம் முழுக்க என் வாயைப் பார்த்தது. இவ்வளவு பெரிய சீவியம் சீவித்தவள் கடைசியில் ஒரு டின்னைப் பற்றித்தான் பேசினாள் என்று நான் எப்படிச் சொல்வேன்? உனக்கு ஒரு மரியாதை வேண்டாமா? வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்னதும் எல்லோரும் அழுதார்கள். அனிற்றா என் தோளில் விழுந்து அழுதாள். நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, ராணி. அதை உன்னிடம் மறைத்து என்ன செய்ய?

போன கிழமை அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

“மாமா, உண்மையச் சொல்லுங்க. அம்மா அதச் சொல்லக்குள்ள தெளிவா இருந்தாவா? காய்ச்சல்ல புசத்தினாவா?”

கதவைத் திறந்து தந்த மாதிரிக் கேட்டாள். ‘புசத்தினவதான் மகள்’ என்று நான் சொல்லியிருந்தால் போதும், அன்றைக்கே பதில் எழுதிப் போட்டிருப்பாள். ஆனால் என் கதையை ஒருவர் சந்தேகப்பட்டால் என் நாக்குப் பொறுக்காது.

“தெளிவாத்தான். என்ட கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினவ,” என்றேன்.

“அப்ப சரி மாமா.”

அவள் கத்தரிக்கோலை எடுத்து வெள்ளித்தாளை மடித்தாள். நான் அங்கேயே கதிரையில் இருந்தேன். வெளியே போக முடியாது, வாசலில் தண்ணீர். உள்ளே இருக்க முடியாது, அவள் முகம். என் வாயால் கட்டிய கூட்டுக்குள் அவளை அடைத்து, நானும் கூடவே மாட்டிக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் போனால் கடை மூடும். அந்தக் கதிரையில் இருந்து கட்டார்க் கதை சொல்ல எனக்கு ஆள் இருக்காது. என் கதையை முழுக்கக் கேட்கிறவள் உனக்குப் பிறகு அவள் ஒருத்திதான். இதனால்தான் நாக்குப் புரண்டதோ? நீ என்ன நினைக்கிறாய்?

சட்டத்தைக் கழற்றிவிட்டேன், ராணி. இப்போது அது என் மடியில்தான் கிடக்கிறது. இந்தக் கடிதம் அச்சுக்குப் போகும், மார்த்தா அக்கா வாசிப்பா, ஊர் சிரிக்கும், இனி நான் எதைச் சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் முதலில் அனிற்றா வாசிக்கவேண்டும். எழுதி முடித்ததும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பேன். அவள் என்ன கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்வேன், ஒரு சொல் கூட்டமாட்டேன். அவள் என்னோடு கோபித்துக்கொள்ளட்டும். ஒரு வருடம், இரண்டு வருடம் பேசாமல் இருக்கட்டும். கண்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.

உன் பொய்க்கார அண்ணன்,
அனிற்றாவின் மாமா