மஞ்சள் ஹெல்மெட்

18 ஜனவரி 1992, சனி

இந்த டைரியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குப் பிடிக்காதது நடந்தாலும் எழுதுவேன். நான் செய்தது தப்பாக இருந்தாலும் எழுதுவேன்.

டைரி ‘துரைராஜ் பிளாட்ஸ்’ இலவசமாகக் கொடுத்தது. முதல் பக்கத்தில் துரைராஜ் சார் கைகூப்பிச் சிரிக்கிறார். அவர் முகத்தின் மேல் என் லேபிளை ஒட்டிவிட்டேன்: தா. செல்வமேரி, ஒன்பதாம் வகுப்பு ‘பி’, ராஜகீழ்ப்பாக்கம்.

ஒட்டியிருக்கக் கூடாதோ? அசரியா அண்ணனுக்குச் சம்பளம் கொடுப்பவர் அவர்தான். அண்ணன் கார் ரேஸ் ஓட்டுகிறான், மாதச் சம்பளத்துக்கு. இதைச் சொன்னால் என் வகுப்பில் யாரும் நம்புவதில்லை. துரைராஜ் சாரிடம் ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள் இரண்டு இருக்கின்றன. பதினோராம் நம்பர் அவருடைய மகன் துளசிங்கத்துக்கு. அவனுக்கு மஞ்சள் ஹெல்மெட். பன்னிரண்டாம் நம்பர் அண்ணனுக்கு, அவனுக்கு வெள்ளை. நாளைக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து டிராக்கில் ரேஸ்.

அப்பா இன்று கடைசியாகச் சொல்லிவிட்டார். “மார்ச்சுக்குள்ள ஒரு கப்பாவது வூட்டுக்கு வரணும். இல்லாங்காட்டி ஸ்கூல் பஸ் ஓட்டப் போ. சேலையூர்ல டிரைவர் கேட்டுக்கினு கீறாங்க.”

அண்ணன் “சரிப்பா” என்றான். அவ்வளவுதான்.

19 ஜனவரி, ஞாயிறு

துளசிங்கம் முதலிடம். அண்ணன் ஒன்பதாவது.

ரேஸ் நாளில் அண்ணன் வீடு திரும்பும்வரை அம்மா வாசல் விளக்கை அணைக்க மாட்டாள். யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். இன்றும் அந்த வெளிச்சத்தில்தான் வந்தான், விசிலடித்துக்கொண்டே. ஏழு தோசை சாப்பிட்டான்.

“ஒம்போதாவது வந்ததுக்கே ஏழு தோசைன்னா, ஃபர்ஸ்ட் வந்தா மாவாட்ட தனியா ஆள் வெக்கணும் போல கீதே” என்றார் அப்பா.

அண்ணன் சிரித்தான். உண்மையான சிரிப்பு. தோற்றவன் ஏன் சிரிக்கிறான்? வேண்டுமென்றே தோற்கிறானா?

23 ஜனவரி, வியாழன்

பள்ளிக்குப் போகும்போது பைக்கின் பின்னாலிருந்து கேட்டேன்.

“ஏன்ணா ஒன்பதாவது வந்தே?”

“எட்டு பேர் முன்னாடி போயிட்டாங்க, பாப்பா.”

“உனக்கு வருத்தமே இல்லையா?”

“சிக்னல் விழுந்துடுச்சு, கெட்டியாப் புடிச்சுக்கோ.”

ராஜகீழ்ப்பாக்கம் முனையில் சிக்னலே கிடையாது.

2 பிப்ரவரி, ஞாயிறு

அடம்பிடித்து நானும் ரேஸுக்குப் போனேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

மற்ற அணிக்காரர்கள் வெளியே நின்று ஹெல்மெட் மாட்டுகிறார்கள். துரைராஜ் சார் ஆட்கள் மட்டும் மூடிய வேனுக்குள் போய், மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். ரேஸ் முடிந்ததும் நேரே வேனுக்குள்ளேயே போகிறார்கள். “பையனுக்கு வெயில் ஒத்துக்காதும்மா” என்றார் துரைராஜ் சார். நான் எதுவும் கேட்கவே இல்லை. பிறகு எதற்கு எனக்குப் பதில் சொன்னார்?

மறுபடியும் துளசிங்கம் முதலிடம். மேடையில் மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். தலையில் சீப்பு போன கோடுகூடக் கலையவில்லை. பதினொன்றாவது வந்த அண்ணனுக்கோ தலை தெப்பலாக நனைந்திருந்தது. இரண்டு காதும் செக்கச்செவேலென்று இருந்தன.

அந்த வெயிலில் ஹெல்மெட்டுக்குள் இருந்த தலை எப்படிக் காய்ந்திருக்கும்?

3 பிப்ரவரி, திங்கள்

தூக்கமே வரவில்லை. ஒருவேளை துளசிங்கத்துக்கு வேர்க்காதோ? பயாலஜி டீச்சரிடம் கேட்டேன். “ஏன், யாரையாவது ஆராய்ச்சி பண்றியா?” என்றார்கள். வகுப்பே சிரித்தது.

10 பிப்ரவரி, திங்கள்

இரண்டு வருடமாக அண்ணனின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்குப் போகிறேன். இருந்தும் இன்றுதான் கவனித்தேன். வண்டியைத் திருப்புவதற்கு முன்னால் தாடையை ஒரு தடவை இடது தோளில் இடித்துக்கொள்கிறான். கேம்ப் ரோடு திருப்பத்தில் செய்தான். பள்ளிச் சந்தில் செய்தான். சாயங்காலமும் செய்தான். அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

இதை ஏன் எழுதுகிறேன்? போன ரேஸில் இதே அசைவை எங்கேயோ பார்த்த ஞாபகம். ஆனால் வெள்ளை ஹெல்மெட்டில் இல்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

இந்தத் தடவை கூட்டத்தோடு நிற்காமல், வளைவை ஒட்டிய கம்பிவேலிக்குப் போய் நின்றேன். வெள்ளை ஹெல்மெட் சும்மா திரும்பியது. மஞ்சள் ஹெல்மெட் ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால், இடது தோளில் ஒரு இடி.

மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் என் அண்ணன்.

17 பிப்ரவரி, திங்கள்

சேலையூர் ஏரி அருகே வண்டியை நிறுத்தச் சொன்னேன். “பதினொண்ணை ஓட்டறது நீதானே?” என்றேன். அண்ணன் வண்டியை அணைத்தான். 

“யாராவது சொன்னாங்களா?”

“உன் தாடை சொல்லுச்சு.”

அதற்கும் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா உன்னைத் தினமும் குத்திக்காட்டுகிறாரே, அம்மா ஒவ்வொரு ரேஸுக்கும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறாளே, எல்லாரையும் வைத்து விளையாடுகிறாயா என்று கத்தினேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பாப்பா, கேளு. நல்ல இன்ஜின் பதினொண்ணுலதான் இருக்கு. பன்னெண்டு வெறும் தள்ளுவண்டி. அதை மெதுவா ஓட்டிட்டு வந்து, துளசிங்கம் வேன்லயே தலையைத் துடைச்சுச் சீவிக்கிட்டு மேடைக்குப் போவான். காரு வேணுமா, பேரு வேணுமான்னு கேட்டாரு துரைராஜ் சார். நான் காரைக் கேட்டேன். அந்த வண்டி கைல இருக்கறப்போ... உனக்கு எப்படிச் சொல்றது? புஸ்தகம் படிக்கறப்போ நீ கூப்பிட்டாலும் திரும்ப மாட்டியே, அந்த மாதிரி.”

“நீ எழுதின புஸ்தகத்து அட்டையில வேற ஆள் பேரு போட்டா விட்டுடுவியா?”

“ஓட்டறவன் நான்தானே?”

வெளியே தெரிந்தால் இரண்டு பேருடைய ரேஸ் லைசென்ஸும் போய்விடுமாம். யாரிடமும் சொல்லாதே என்றான். இதுவரை வந்த மூன்று கப்பும் துரைராஜ் சார் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன.

இவன் சொன்னது முழுவதும் உண்மைதானா? இன்னும் என்னவெல்லாம் மறைக்கிறான்? இனிமேல் எதைச் சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

22 பிப்ரவரி, சனி

அப்பா பஸ் வேலைக்கு நாள் குறித்துவிட்டார். அண்ணன் தலை நிமிரவில்லை. எனக்கு உண்மை தெரியும், ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை. எழுதுவது மட்டும்தான் உண்மையா?

1 மார்ச், ஞாயிறு

கடைசி ரேஸ். வேலி ஓரத்தில் ஸ்டாப்வாட்சோடு ஒருவர் நின்றிருந்தார். பெயர் யக்ஞநாராயணன், கோயம்புத்தூரில் பெரிய ரேஸ் அணி வைத்திருக்கிறார், அடுத்த வருடத்துக்கு ஒரு டிரைவர் தேடுகிறார் என்று அவரே சொன்னார்.

“பதினொண்ணு பிரமாதமா ஓட்டறான். நீ தொடர்ந்து பாக்கறியாம்மா? யார் இது?”

தொண்டைவரை வந்துவிட்டது. அசரியா. நாலே எழுத்து.

“தெரியாது சார்.”

அவர் நிகழ்ச்சித் தாளைப் புரட்டினார். “துளசிங்கம்னு போட்டிருக்கே” என்று பேனாவால் வட்டமிட்டார்.

பரிசளிப்பு முடிந்ததும் துளசிங்கத்தின் தோளில் கை போட்டு, “இந்த வாரமே கோயம்புத்தூர் வந்துடுங்க, எங்க வண்டில ஓட்டிப் பாக்கலாம்” என்றார். துரைராஜ் சார் வாயெல்லாம் பல். துளசிங்கத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. முதல் தடவையாக அவன் நெற்றியில் வேர்வையைப் பார்த்தேன்.

2 மார்ச், திங்கள்

சாயங்காலம் துளசிங்கம் எங்கள் வீட்டுக்கு வந்தான். கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் அண்ணனிடம் கெஞ்சினான். நான் துணி மடிப்பதுபோல் நின்றுகொண்டேன்.

“மச்சான், பேஜாராப் போச்சுடா. அங்க வேன் கிடையாது. அவர் கண்ணு முன்னாடியேதான் ஹெல்மெட் மாட்டணும். ஏதாவது வழி சொல்லுடா.”

“உனக்கு ஜுரம்னு சொல்லிடு.”

“எத்தினி நாளைக்குடா ஜுரம்? எங்கப்பா ஊரெல்லாம் பேனர் வெக்கச் சொல்லிட்டாரு. எனக்கு ரேஸே புடிக்கல மச்சான். அந்தத் தள்ளுவண்டிலயே எனக்குக் கால் நடுங்குது.” அழுதேவிட்டான். அவன்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அவன் போனபின் அண்ணனிடம் சொன்னேன். “கோயம்புத்தூர்க்காரர் எங்கிட்டதான் உன் பேரைக் கேட்டாரு. தெரியாதுன்னுட்டேன்.”

“நீயா?”

“வேற இன்னா சொல்லச் சொல்றே? நீயே சொல்லு, இன்னா சொல்லட்டும்?” எனக்கு அப்பா மாதிரியே பேச்சு வந்தது.

அண்ணன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். ராத்திரி தோசை வேண்டாமென்றுவிட்டான்.

4 மார்ச், புதன்

அண்ணனும் துளசிங்கமும் சேர்ந்து போய், ரேஸ் நடத்துகிறவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்களாம். சொல்லியிருப்பார்களா? துரைராஜ் சார் வீட்டு வாசலில் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

8 மார்ச், ஞாயிறு

இருவருக்கும் ஒரு வருடம் தடை. கப்புகளைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். அண்ணனுக்கு வேலையும் போய்விட்டது.

அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அடிப்பார் என்று பயந்தேன். “ஃபர்ஸ்ட் வந்ததெல்லாம் நீயா?” என்று மட்டும் கேட்டார். அண்ணன் தலையாட்டினான். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பஸ் வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்ததாக அம்மா பிறகு சொன்னாள்.

அண்ணன் யக்ஞநாராயணன் சாருக்குப் போன் செய்தானாம். அவர் திட்டு திட்டென்று திட்டிவிட்டு, “ரேஸ்ல நிக்க முடியாது. ஷெட்ல வேலை செய். வண்டிய டெஸ்ட் ஓட்டு. அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றாராம். ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம்? தருகிறேன் என்று அவர் சொல்லவில்லையே.

11 மார்ச், புதன்

அண்ணன் இன்று கோயம்புத்தூருக்கு ரயில் ஏறினான். வெள்ளை ஹெல்மெட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டான். அப்பா சென்ட்ரல்வரை கூடப் போனார். 

திரும்பி வந்த அப்பாவிடம், “நிஜமாவே கோயம்புத்தூர் வண்டிலதான் ஏறினானா?” என்று கேட்டேன்.

“ரயில் பொட்டி வாசல்ல பேரு போட்ட பேப்பர் ஒட்டிக்கினு கீதுல்ல, அதுல பார்த்தேன். அசரியா, ஆம்பள, இருவத்திரண்டு.” செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார். “மூணு தபா படிச்சேன். பக்கத்துல நின்னவன்கிட்டகூடக் காட்டினேன், எம்புள்ளன்னு.”

அம்மா எழுந்து போய், ரேஸ் நாள் மாதிரியே இன்றும் போட்டு வைத்திருந்த வாசல் விளக்கை அணைத்துவிட்டாள்.